கணக்கப்பிள்ளைக்கு அரைப்பேர்

என் வீட்டுக்காரர் பொன்னையாவுக்குச் சீனி வருத்தம். இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. தினமும் நடக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் இரண்டு நாள் நடப்பார், மூன்றாம் நாள் போர்வைக்குள் சுருண்டுகொள்வார். நானும் கத்திப் பார்த்துவிட்டேன். மகன் கொழும்பிலிருந்து காலுக்குச் சப்பாத்து வாங்கி அனுப்பினான். அதற்குள் சிலந்தி குடியேறியதுதான் மிச்சம்.

வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே, எங்கள் வீட்டிலிருந்து மாடசாமி கோயில் வரைக்கும் ஓர் ஏற்றம். விடியலில் பனி இறங்கினால் அங்கே மலையும் இருக்காது, வானமும் இருக்காது. ஒருநாள் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கித் திரும்பினாராம். தேயிலைக்குள் எங்கிருந்தோ ஒரு குரல்.

"கணக்கப்பிள்ளைக்கு இன்னைக்கு அரைப்பேருதாங்க!"

ஆள் தெரியவில்லை. பெண்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் பனிக்குள் மிதந்து போனதாம்.

பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் முழு நாள் வேலையை அரை நாளாகப் பதிவார்கள். அதுதான் அரைப்பேர். இவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் எத்தனை பெண்களுக்கு அதைப் போட்டிருப்பார்! அவரிடம் அதிகம் வாங்கியவள் வீரம்மா. அந்தக் குரலும் அவளுடையதுதான். வீட்டுக்கு வந்தவர் ரொட்டியைத் தொடவேயில்லை. எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் தானே எழும்பிக் கோயில் வரை ஏறினார். "முழுப்பேரு!" என்று குரல் வந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மழைக்கும் நிற்கவில்லை. நான் வாசலில் நின்று பார்ப்பேன். முதலில் கால், பிறகு கைத்தடி, கடைசியில் சால்வை என்று ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரையும். என் கனவுக்குள் அவர் நடந்து போகிறாரோ என்றுகூடத் தோன்றும். மேலிருந்து வீரம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன். புண் ஆறியது, சீனியும் இறங்கியது.

போன மாசம் வீரம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டாள். முழங்கால் வலியாம், லயத்து வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். அன்றைக்கு ஏற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. இவர் பாதியில் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றி மூலையில் போட்டார். அடுத்த நாளிலிருந்து பழையபடி போர்வை. அந்தக் கால் போய்விடும் என்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு வாரம் போயிருக்கும். விடியலில் பார்த்தால் கட்டில் காலி, மூலையில் சப்பாத்தும் இல்லை. வாசலுக்கு ஓடினேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கீழ் லயத்துப் பக்கம் கதவு தட்டுகிற சத்தமும் அவர் குரலும் கேட்டன.

"எழும்பு வீரம்மா. பெரட்டுல பேர் கூப்பிடுற நேரமாச்சு."

"நான்தான் வேலைய விட்டுட்டேனுங்களே ஐயா. முழங்கால் மடங்க மாட்டேங்குது."

"பாதை வளையுற முடக்கு வரைக்கும் வா, போதும். பாதி நடந்தாலும் முழுப்பேர் போடுறேன்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கைத்தடிகள் மண்ணில் ஊன்றுகிற சத்தம் மெதுவாக ஏறி வந்தது. நான் அடுப்பை மூட்டினேன்.