டேப்பட் கவருக்கு வெட்டிய தோல்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறது. கால் மெல்லத் தேறிவிட்டது. வலது கையும் பேச்சும்தான் வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தைக்கு அஞ்சு நிமிஷம் ஆனாலும் அவரையே சொல்ல விடுங்கம்மா. நீங்க முந்திக்காதீங்க. பேசறதை விட்டுட்டார்னா அப்புறம் வர்றது கஷ்டம்" என்றாள். சரி என்று வந்தேன்.

ஆனால் மனுஷன் எதற்கு வாயைத் திறக்கிறார்? சாப்பாடா, மாத்திரையா, எது கேட்டாலும் கையைக் காட்டிவிட்டுப் போவார். பேச்சு வருவது ஒன்றுக்குத்தான். அவருடைய கார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, அதுவும் பழசாக வாங்கிய வண்டி. ஆம்பூரைச் சுற்றி எத்தனையோ மாப்பிள்ளைகள் அதில் ஏறி மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். பேட்டரி படுத்துவிடக் கூடாதென்று வாரம் ஒரு தடவை நான் ஸ்டார்ட் செய்வேன். செய்தால் போதும், எஞ்சினின் பக்கத்தில் ஆயில் வழிந்து சைலன்சர் குழாயில் பட்டுப் புகையும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "டே... டேப்பட் க...வர்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டேன்.

எஞ்சினின் தலைமேல் இருக்கும் மூடிதான் டேப்பட் கவர். அதற்கு அடியிலிருக்கும் கார்க் பேக்கிங் காய்ந்துபோனதால் ஒழுகல். நானே கழற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். அவர் இடது கை விரலால் காட்டினார், நான் ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். அன்றைக்குக் காலையில் மட்டும் பதினோரு வார்த்தை பேசினார். எண்ணினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆயில் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்.

பழைய கார்க் பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "இந்த வண்டிக்கு இப்ப யாரும்மா வெச்சிருக்காங்க? சொல்லி வெச்சா பத்து நாள் ஆவும்" என்றார். சொல்லிவைத்துவிட்டு வந்தேன். ஆனால் பத்து நாளா! பேசுகிற மனுஷனை வைத்துக்கொண்டு பத்து நாள் எப்படிச் சும்மா இருப்பது?

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் தோல் துண்டு இல்லாத வீடு கிடையாது. குழாய் ஒழுகினாலும் தோல், கட்டில் ஆடினாலும் காலுக்கடியில் தோல். நல்ல தடிமனாக ஒரு துண்டை எடுத்து, மூடியை அதன்மேல் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டேன்.

"தோ...லு வே...ணாம்" என்றார்.

"கொல்லத் தெருவுல ஊசி விக்க வந்துட்டீங்களா? தோலப் பத்தி எனக்கே சொல்றீங்க!" விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, "எ...எண்ண..." என்று ஆரம்பித்தார்.

"எண்ண கொறஞ்சா ஊத்திக்கலாம், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்று நானே முடித்துவைத்தேன். மூன்றாவது தடவை பேசவில்லை, இடது கையைத் தூக்கினார். அந்தக் கையில் நான் டீ டம்ளரை வைத்துவிட்டேன்.

வெட்டு சுத்தமாக வந்தது. ஒரு நூல் கூடுதல் குறைச்சல் இல்லை. பொருத்தி முடுக்கி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கேட்டு, தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு பாய் வந்து எட்டிப்பார்த்தார். "சூப்பர்மா! தோலுக்கு மிஞ்சி இன்னா இருக்குது?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் சூடேறியதும் தோலின் ஓரம் கறுத்தது. பிறகு மூலையில் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. முன்பு கசிந்த இடத்தில் இப்போது கொட்டியது. வண்டி ஷெட்டின் கூரை முழுக்கப் புகை. ஓடிப்போய் நிறுத்தினேன்.

"தோலு எண்ண குடிக்கும்மா" என்றார் பாய், சற்று முன் சூப்பர் சொன்ன அதே வாயால். "நாமளே டிரம்ல போட்டு குடிக்க வெக்கறோம். உனுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமலா இருக்கும்? இவர் சொல்ல வந்ததும் அதைத்தான். மூன்று தடவை சொல்ல வந்தார். பாவி நான், ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் முன்னால் போய்க் குந்தினேன். "சொல்லுங்க. இப்ப சொல்லுங்க. இன்னா சொல்ல வந்தீங்க? நான் பேசல" என்றேன். அவர் பழந்துணியை எடுத்து என் மணிக்கட்டில் வழிந்த ஆயிலை இடது கையால் துடைத்துவிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாள் அவர் வண்டிப் பக்கம் வரவில்லை. கார்க் வந்தது, மாட்டினேன். ஒழுகல் நின்றுவிட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கிண்டல் செய்து பார்த்தேன். கடைசியில் அவரை எப்படியாவது பேசவைக்க வேண்டுமென்று, கார்புரேட்டரைத் தொட்டுக்காட்டி, "இதுதானே ரேடியேட்டர்?" என்று கேட்டேன். முன்பெல்லாம் இப்படி ஒரு தப்பைச் சொன்னால் தெருவே கூடும் அளவுக்குக் கத்துவார்.

காத்திருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும், முந்திக்கொள்ளாமல் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவர் தெருவைப் பார்த்தார்.