பின்கதவு வழியாக ஒரு பாதை

ஜெபமாலை டீச்சர் இறந்த செய்தியும் என் வீட்டுப் பின்கதவு வழியாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அடுப்படியில் இருந்தபடியே கத்தினேன்: "செருப்பக் கழட்டிட்டு வாங்க டீச்சர், இப்பத்தான் தரையத் தொடச்சிருக்கேன்!" வந்து நின்றது அவருடைய மகன். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். ஊரையே சுற்றி நடந்த மனுஷி கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிவிட்டார் என்பதில் எனக்கு இன்றுவரை கோபம்தான்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் நடந்தவர்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே பள்ளியில் அவர் புவியியல், நான் தமிழ். ஓய்வு பெற்ற கையோடு, சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். மற்றவர்கள் என்றால் மைதானத்தைச் சுற்றுவார்கள். "செக்கு மாடா நானு?" என்று கேட்டார் டீச்சர். மெயின் ரோட்டில் கால் வைக்காமல் திண்டுக்கல்லைச் சுற்றிவர ஒரு பாதை கண்டுபிடிக்கப் போவதாக அறிவித்தார். துணைக்கு நான். என்னிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

மலைக்கோட்டையின் பின்பக்கச் சரிவு, தோல் பதனிடும் ஷாப்புகளின் மதில் ஓரம், தண்ணீர் இல்லாத வாய்க்கால், கருவேலங்காடு என்று இழுத்தடித்தார். யாரிடமும் வழி கேட்க மாட்டார். "ஆடு போற தடத்துல போனாப் போதும்மா, அது தப்பாப் போகாது" என்பார். அப்படி ஒருநாள் ஒரு மந்தையின் பின்னாலேயே மூச்சிரைக்கப் போனோம். அது நேராக ஒரு பிரியாணிக் கடையின் கொல்லைப்புறத்தில் போய் நின்றது. அங்கே தேக்சா கழுவிக்கொண்டிருந்த பாய், "தம் போட இன்னும் நேரமிருக்கு டீச்சர், முன்னாடி போயி உக்காருங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சருக்கோ ஒரே பெருமை. "பாத்தியா, ஒரு எடத்துல கொண்டாந்து விட்டிருச்சுல்ல" என்றார்.

கடைசியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. வாய்க்கால் கரை என் வீட்டுக் கொல்லையில் வந்து முட்டியது. வாசல்புறத் தெருவுக்குப் போக வேண்டுமானால் லாரிகள் பறக்கும் பைபாஸில் சுற்ற வேண்டும், இல்லையென்றால் என் அடுப்படிக்குள் நுழைய வேண்டும். டீச்சர் அடுப்படியைத் தேர்ந்தெடுத்தார். அதோடு விட்டாரா? அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிவர ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் என் வீட்டுக்குள் ஊர்வலம், தரையெல்லாம் செம்மண்ணும் நெருஞ்சி முள்ளும். பொறுக்கமாட்டாமல் ஒரு பூட்டு வாங்கிவந்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "பூட்டிக்கம்மா. இந்தப் பொம்பளைக எல்லாம் லாரிக்கு ஊடால நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, என்னிடமே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே அந்தப் பூட்டை மாட்டினேன். இனி யார் வரப்போகிறார்கள்? அடுத்த ஞாயிறு தரை பளிச்சென்று இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு மறுபடி கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், வேர்க்க விறுவிறுக்க நின்றார்கள்.

"இது பொது வழி இல்லம்மா, வீடு" என்றேன்.

"தெரியும்க்கா. ஜெபமாலை டீச்சர் இருந்தப்பவே சொல்லியிருக்காங்க" என்றாள் ஒருத்தி. "அந்தக்கா நல்லாத் திட்டும், ஆனா கதவத் தொறந்து விட்டுரும்னாங்க."

நன்றாகத் திட்டினேன். கண் கலங்கியதில் சாவித் துவாரம் தெரியவில்லை, திறக்கச் செத்த நேரம் ஆனது. அவர்கள் செருப்போடுதான் உள்ளே வந்தார்கள். பூட்டை அன்றே பரணில் போட்டுவிட்டேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது பூட்டாத ஒரு கதவும், ஞாயிறுதோறும் துடைக்க வேண்டிய தரையும்தான்.