ஆணியில் தொங்கிய பை

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில், முன்னறை ஆணியில் அன்று முழுக்க என் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பி.பி. பார்க்கும் கருவி. நான் அரசு சுகாதார நிலையத்து நர்ஸ். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் கையை நீட்டுவார்கள் என்று அதையும் தூக்கிக்கொண்டே போவேன். அக்கா மகளின் கல்யாணத்தன்று மட்டும் அந்தப் பையை நான் திறக்கவே இல்லை.

சங்கடம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சொல்வோம். செருப்பு கடித்தால் சங்கடம், சம்பந்தி வீட்டில் மறுசோறு கேட்பது சங்கடம். யாரையும் பயமுறுத்தாத சொல் அது. எங்கள் குடும்பத்தில் பந்தக்கால் நட்டுவிட்டால், தாலி ஏறும்வரை வலி, காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஒருவரும் வாயெடுக்கக் கூடாது. பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். தலை வெடிக்கிற வலியானாலும் சங்கடம் என்று சொல்லிவிட்டு மூலையில் நின்று மாத்திரை விழுங்குவார்கள். படித்த நானும் அதற்குத் தலையாட்டியவள்தான்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா என்னைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டாள். புது ரவிக்கையின் கழுத்தோரம் வியர்வையில் நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஒண்ணுமில்ல பாப்பா, நெஞ்சுல கொஞ்சம் சங்கடமா இருக்குது.”

காலையிலிருந்து பட்டினி, அடுப்புச் சூடு வேறு, வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சு, வியர்வை, தோள் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருப்பேன். “மாப்ள வூட்டுக்காரங்க காத்திருக்காங்க, நீ போ” என்று அவள்தான் என்னைத் தள்ளிவிட்டாள். நானும் போனேன். தாலி ஏறியது. அட்சதை போட்ட கையோடு அக்கா சரிந்தாள். தருமபுரி போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் அக்கா மகள் ஏழு மாத வயிற்றோடு எங்கள் நிலையத்துக்கு வந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சின்னம்மா, கொஞ்சம் சங்கடமா இருக்குது.”

அக்காவின் குரல் அப்படியே. அதே பையைத் திறந்து, அதே கருவியை அவள் கையில் சுற்றினேன். அளவு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது முறையும் காற்றடித்தேன்.

“எத்தன தடவ பாப்பீங்க சின்னம்மா?” என்று சிரித்தாள்.

அவள் அம்மாவுக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.