காசிமின் கொப்பியும் என் துண்டுப்பிரசுரமும்

இன்று காலை, டென்மார்க்கின் ஓகூஸ் நகரில், பஸ் தரிப்பில், எங்கள் கீழ்வீட்டு டெனிஷ்காரி கிர்ஸ்டனைக் கண்டதும் என் மனைவி வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை சாய்த்தாள். கிர்ஸ்டன் பதறிப்போனார். "நெஞ்சு நோகிறதா? அம்புலன்ஸ் கூப்பிடவா?" "இல்லை, அது காலை வணக்கம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்த நாட்டில் முப்பது வருடம் கைகுலுக்கிப் பழகிய ஒருத்திக்கு அராபிய வணக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை பஸ் வருவதற்குள் விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன். பொறாமையில் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

கொரோனாக் காலம். எங்கள் குடியிருப்பில் அரபுக் குடும்பங்கள் அதிகம், தமிழர் கொஞ்சம்பேர்தான். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவன், கிருமிநாசினி பூசிப் பூசியே கைரேகை தேய்ந்தவன். நாலு புத்தகம் வாசித்தவன் என்ற வியாதியும் உண்டு. குடியிருப்பாளர் சங்கத் தலைவியான கிர்ஸ்டன், நோய்த்தடுப்பைப் பற்றித் தமிழருக்கு எடுத்துச் சொல்ல என்னையும், அரபுக்காரருக்குச் சொல்ல மூன்றாம் மாடிக் காசிமையும் பிடித்தார். காசிம் ஈராக்கிலிருந்து வந்தவர், பேக்கரியில் வேலை. "அவையளுக்கு உதெல்லாம் எங்க விளங்கப்போகுது" என்றார்கள் அரபுக்காரரைப் பற்றி எங்கள் ஆட்கள். மறுத்துப் பேசியவர்களில் நான் இல்லை.

இரண்டு வாரம் மெனக்கெட்டு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். "தொற்றுப் பரவலைத் தணிக்கும் பொருட்டு உடல்சார் இடைவெளி பேணப்படல் இன்றியமையாதது" என்று தொடங்கும். எழுதியவனே இரண்டாம் தரம் வாசித்தால்தான் விளங்கும். நிலவறையில், எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் பொது அறையில் அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் யாரோ ஒன்றை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷினின் காலுக்குக் கீழே செருகியிருந்தார்கள். ஆட்டம் நின்றது. என் தமிழால் நடந்த ஒரே தடுப்பு நடவடிக்கை அதுதான்.

காசிம் ஒன்றும் எழுதவில்லை. அதே அறையில் யன்னலைத் திறந்துவிட்டு, முகக்கவசத்தோடு தள்ளி உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் மற்றவர்கள் சொன்னதைக் குறித்தார். "என்ன கேள்விப்பட்டீர்கள்? எதற்குப் பயம்?" ஊசியில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா, நோன்பு முறியுமா, செத்தவரைக் குளிப்பாட்ட விடுவார்களா? சிலர் எனக்குப் பாடம் எடுக்குமளவு தெரிந்து வைத்திருந்தார்கள். சிலர் கருஞ்சீரகமும் தேனும் போதும் என்றார்கள். எல்லாம் அரசாங்கத்தின் பொய் என்றவரும் உண்டு. காசிம் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. தெரியாததை டொக்டரிடமும் இமாமிடமும் போனில் கேட்டு வந்து பதில் சொன்னார். நானென்றால் கருஞ்சீரகத்துக்கே சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் கொத்தமல்லிக் குடிநீர் பானை பானையாகக் கொதித்தது வேறு விஷயம்.

என் மனைவி ஆஸ்துமாக்காரி. ஊசிக்கு அழைப்பு வந்தும் போகமாட்டேன் என்றாள். வரைபடம் கீறி விளக்கினேன். "உங்கட விரிவுரை முடிஞ்சால் சோத்தை வடியுங்கோ" என்றாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் என்ன ஆகும் என்று முதியோர் இல்லத்துக் கட்டில்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஒருநாள் தோய்த்த உடுப்போடு மேலே வந்தவள் சொன்னாள்: "டொக்டரோட கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமை ஊசி போடப் போறன்."

"ஆர் சொன்னது?"

"காசிம் அண்ணை."

அண்ணையாம்! "நானும் மூண்டு கிழமையா இதைத்தானே சொன்னனான்?"

"சொன்னனீங்கள். ஏன் பயப்பிடுறாய் எண்டு கேட்டனீங்களே?"

அவளுடைய தங்கச்சி சின்ன வயதில் இறந்தது எனக்குத் தெரியும். படம் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. காய்ச்சலுக்கு ஊசி போட்ட அன்றே போனாள் என்பதும், கையை அசையாமல் பிடித்திருந்தவள் இவள்தான் என்பதும் அன்றுவரை தெரியாது. கால் நூற்றாண்டு தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைக்காத கதை, ஒரு மெஷின் ஓடி முடிகிற நேரத்தில், இருவருடைய அரைகுறை டெனிஷில் காசிமுக்குக் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காசிம் தன் ஊசி முறையையும் அதே நேரத்துக்கு மாற்றியிருந்தார். முதலில் தன் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார். ஊசி போட்டபின் இருந்து பார்க்கும் அந்தக் கால் மணித்தியாலம் நான் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், பொறாமைப்பட நேரமில்லை. ஒன்றும் ஆகவில்லை. புறப்படும்போது காசிம் கையை நெஞ்சில் வைத்தார். அவளும் வைத்தாள். அன்று வைத்த கைதான், இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை. "உங்கள் மொழியிலேயே அவர் சொன்னதால் விளங்கிவிட்டது, இல்லையா?" என்று கிர்ஸ்டன் பிறகு சந்தோஷப்பட்டார். எங்கள் எல்லாருக்கும் ஒரே மொழி என்று நினைத்திருக்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று பின்னேரம் லிப்டில் காசிம் ஏறினார். மனைவியின் கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போனது. என் கை குலுக்கப் புறப்பட்டு, பாதியில் கும்பிட நினைத்து, மற்றக் கையில் மரக்கறிப் பை இருந்ததால் அதுவும் முடியாமல், அந்தரத்தில் நின்றது. மூன்றாம் மாடியில் காசிம் இறங்கிப் போனார். கதவு மூடியபிறகுதான் அந்தக் கை என் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.