ராயப்பேட்டையில் ஏழு மணி இடியாப்பம்

எங்கே என்ன சாப்பிடலாம் என்று ஊருக்குச் சொல்லுகிற தொழிலில், வயிறு கெடுவதற்கு முன்னால் நட்பு கெடும். "பக்கத்துல நல்ல ஓட்டல் எது?" என்று உறவினர் கேட்டு, நீங்கள் ஒரு பெயரைச் சொல்லி, அன்றைக்கென்று பார்த்து அங்கே சாம்பார் தீர்ந்துபோயிருந்தால், உங்களுக்கு என் கஷ்டம் புரியும். இருபது வருடத்துக்கு மேல் சிறுவர் பக்கங்களில் 'முயலுக்கு வழி காட்டு' புதிர்ப்படம் போட்டுக்கொண்டிருந்த என்னை, தென்சென்னையில் வீடு வீடாகப் போடும் ஒரு வாரப் பத்திரிகை சாப்பாட்டுப் பத்தி எழுதக் கூப்பிட்டது. அந்தப் பத்தியில் ஒரு நல்ல கடையை நானே கெடுக்கப் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

மூன்றாவது கடை

முதல் வாரம் மயிலாப்பூரில் ஓர் அடைக் கடை. மொறுமொறுப்பான ஓரம், நடுவில் வெண்ணெய், தொட்டுக்கொள்ள அவியல். 'குளத்தைத் தாண்டி இடது பக்கம் மூன்றாவது கடை' என்று எழுதியிருந்தேன். அடையாறிலிருந்து ஒரு வாசகர் லஸ் பக்கமாக வராமல் மந்தைவெளி பக்கமாக வந்துவிட்டார். அவருடைய இடது பக்கம் வேறு. மறுநாள் போன் செய்தார்.

"சார், நீங்க சொன்ன மூணாவது கடையில வளையல்தான் விக்கிறாங்க. வீட்டுக்காரிக்கு ரெண்டு டஜன் வாங்கிக் குடுத்துட்டுப் பட்டினியா திரும்பினேன்!"

முதல் ஈடு

அன்றிலிருந்து துல்லியமாக எழுதினேன். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் உள்ள மெஸ்ஸில் வத்தக்குழம்பு பன்னிரண்டே காலுக்கு அடுப்பை விட்டு இறங்கும், ஒரு மணிக்குப் போனால் ரசம்தான் என்பது வரைக்கும் எழுதினேன். வாசகர்களுக்கும் பிடித்திருந்தது.

பிறகு காதர் பாய் கடை. ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் இரண்டு பெஞ்ச், ஓர் அடுப்பு. பாயின் மனைவி மாவு பிசைவார், பாய் பிழிவார். இடியாப்பம் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நிற்கும். தேங்காய்ப்பால் ஊற்றினால் உடனே பஞ்சாகும். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல இடியாப்பம் நான் சாப்பிட்டதில்லை. 'காலை ஏழு மணிக்கு முதல் ஈடு இறங்கும். ஆறு ஐம்பதுக்கே போய் நில்லுங்கள்' என்று எழுதி, சந்துக்கு வரைபடமும் போட்டேன்.

பத்திரிகை ஞாயிறு வந்தது. திங்கள் காலை ஆறு ஐம்பதுக்கு அடையாறு, தி.நகர், திருவான்மியூர் எல்லாம் சந்துக்குள் நின்றன. என் பழைய வேலை பாய்க்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா சார், முயலுக்கு வழி காட்டச் சொன்னா, மொத்தக் காட்டையும் இட்டாந்து நிறுத்திட்டீங்களே!"

தூக்குடன் ஒருத்தி

புதன்கிழமை பெருமையாகத்தான் போனேன். வரிசையின் கடைசியில் ஒரு பெண், கையில் எவர்சில்வர் தூக்குடன் நின்றிருந்தாள். பெயர் கலா, உத்திரமேரூர் பக்கம். கணவருக்குத் தாடையில் ஆபரேஷன். மெத்தென்று ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். போன வாரம் இந்த இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்ததும் இரண்டு சாப்பிட்டாராம். இந்த வாரம் மூன்று நாளாக அவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். வார்டிலிருந்து வருகிற எல்லாருக்கும் இதே கதி. எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"யாரோ பேப்பர்ல போட்டுட்டாங்களாம் சார். எவன் போட்டானோ, நல்லா இருக்கட்டும்!"

பாயின் சட்டம்

கூட இரண்டு ஈடு போடலாமே என்று பாயிடம் கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் பிழிந்தால் மாவு இறுகிவிடும், நோயாளிக்குக் கொடுக்க ஆகாது என்றார். அவருடைய சட்டம் வேறு: மறுநாளிலிருந்து கையில் தூக்கு இருப்பவர்களுக்கு முதலில், வெறுங்கையோடு வந்தவர்களுக்குப் பிறகு. வியாழனும் வெள்ளியும் கலாவுக்குக் கிடைத்தது.

ஆனால் என் வாசகர்கள் புத்திசாலிகள். சனிக்கிழமை பாதிப் பேர் தூக்கோடு வந்தார்கள். கலா மறுபடி பின்னால். பாய் ஒரு நிமிடம் வரிசையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த வார்டு?" முன்னால் நின்ற இளைஞன் கையில் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ஹாட்பேக். திருதிருவென்று விழித்து, "வேளச்சேரி" என்றான். பாய் சிரிக்கவே இல்லை.

"அங்க மழை பேஞ்சு வெள்ளம் வந்தாதானே அட்மிஷன், நைனா? அந்த அக்கா முன்னால வரட்டும், கொஞ்சம் நவுரு."

திருத்தம்

அடுத்த இதழில் பெட்டி கட்டி எழுதினேன்: 'ஏழு மணி என்று எழுதியது என் தவறு. ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த இடியாப்பம் வார்டுகளுக்கு. நாம் ஒன்பதுக்கு மேல் போவோம்.' பாயும் இறங்கி வந்தார். இடையில் ஓய்வெடுத்து, ஒன்பதரைக்கு நிதானமாக இன்னொரு ஈடு, கூடவே ஆட்டுக்கால் பாயா. வாசகர்கள் ஒன்பதரைக்கே வந்தார்கள். ஹாட்பேக் இளைஞனும் வந்தான்.

அடுத்த வியாழன் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சந்தில் தூக்குகள் மட்டும். கலா நிறைந்த தூக்கோடு திரும்பும்போது, "பேப்பர்ல எய்தின சார் இவருதாம்மா" என்று பாய் போட்டுக்கொடுத்துவிட்டார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவரு நேத்து அஞ்சு சாப்பிட்டாரு சார். நாளைக்கு வீட்டுக்குப் போறோம், எங்க ஊரு ஓட்டலப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க!"

எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று சொல்ல நாக்கு இருந்தால் போதும். எத்தனை மணிக்குப் போகக் கூடாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.