அக்காவின் இதயத்தை மறைத்தவன்

என் அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்ததை, மயக்க மருந்து கொடுத்த டாக்டரிடம் நான் மறைத்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே.

அக்கா செல்விக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக ரத்தப்போக்கு. திண்டிவனத்தில் பரிசோதித்தவர்கள், "ஹார்ட் டாக்டர் பார்த்து எழுதித் தராம மயக்க மருந்து கொடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். கோலியனூரில் என் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கும் சமயம். இன்னும் எத்தனை நாள் அலைவது? உங்களிடம் சொல்வதற்கென்ன... அக்காவின் வலியைவிட என் எரிச்சல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

விழுப்புரத்தில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தேன். வால்வு பற்றிய ரிப்போர்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

"சொல்லிடலாம்டா தம்பி. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்றாள் அக்கா.

"சொன்னா மறுபடியும் அலைய வுடுவாங்க. நீ பேசாம இரு அக்கா."

அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அக்காவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் வைத்திருந்தார். "ஏதோ சத்தம் கேக்குதே. ஹார்ட்டுக்கு எங்கயாவது காட்டினீங்களா?"

"இல்லீங்க மேடம். ரத்தம் கம்மியா இருக்கறதால அப்படிக் கேக்கும்னு சொன்னாங்க."

திண்டிவனத்தில் ஒரு நர்ஸ் முதல் நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். பரிசோதனைக்குப் பின் பொய்யாகிப்போன அந்தப் பேச்சை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆபரேஷனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்ட சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து, அக்காவின் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தி மீட்டார்கள். உயிர் திரும்பியது; பேச்சு திரும்பவில்லை. கைகால்களும் விளங்கவில்லை.

"ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்காம நான் ஊசி போட்டிருக்கக் கூடாது. என் தப்புதான்" என்று டாக்டரம்மா என் முன்னால் அழுதார். நான் தலைகுனிந்து நின்றேன். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று எண்ணினார்கள்.

இன்று அக்காவுக்குக் கஞ்சி ஊட்டுவது நான்தான். ஊரார் என்னைப் புகழ்கிறார்கள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறதா? கேட்க எனக்குத் துணிவில்லை... தலையசைத்துவிட்டால்?

போன வாரம் டாக்டரம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மயக்க மருந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. அவங்களுக்கு முன்னாடி மூச்சுத் திணறல், தலைசுத்தல்... ஏதாவது இருந்துச்சா?"

அக்கா பக்கத்துக் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் எதுவும் இல்லீங்க" என்றேன்.

அன்றிலிருந்து நான் அருகே போனால் அக்கா கண்களை மூடிக்கொள்கிறாள். வீட்டில் ஊட்ட வேறு யாருமில்லை. பசி பொறுக்காமல் வாயைத் திறக்கிறாள்... கண்களைத் திறப்பதில்லை.