மொட்டைமாடி ஸ்காட்ச்

உலகத்தில் பாதிப் பேர் ஏமாளிகள், மீதிப் பேர் ஏமாற்றுகிறவர்கள் என்பது ஜெயசித்ராவின் முடிவு. தென்காசியில் ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருஷம் எடை போட்டவளுக்கு வேறெப்படித் தோன்றும்? சாக்கைப் பிரிப்பதற்கு முன்பே தையல் ஓரத்தில் மூக்கை வைத்து, இது போன வருஷத்து அரிசி, இது மழையில் நனைந்து காய்ந்தது, இதில் வண்டு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. மூட்டை இறக்க வருகிறவர்கள் அவள் கடைக்கு மட்டும் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். அதற்காகவும் அவர்களை அவள் மதிக்கவில்லை. பயந்து நல்லவனாக இருப்பவன் என்ன நல்லவன் என்பாள்.

அவளுடைய இளக்காரத்தில் பெரிய பங்கு வீட்டுக்காரருக்குப் போனது. விஜயசங்கர் ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். எல்லையில் துப்பாக்கியோடு நின்றார் என்று சொந்த ஊரான இலஞ்சியில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர் அதிகம் ஏந்தியது தட்டுதான். அதிகாரிகள் மெஸ்ஸில் பரிமாறும் வேலை. ஸ்காட்ச் விஸ்கியை எப்படி ரசிக்கவேண்டும் என்பதை அங்கே நின்றுகொண்டே கற்றுக்கொண்டார். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது ட்ரங்குப் பெட்டியில் கம்பளிக்கு நடுவே ஆறு கண்ணாடித் தம்ளர்கள் வந்தன. அடி பெருத்து வாய் குறுகியவை. அவற்றை சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, வெந்நீர் மட்டும்தான் என்று முதல் நாளே சட்டம் போட்டார்.

"அப்பம் நீங்களே கழுவிக்கிடுங்க" என்றாள் ஜெயசித்ரா. அன்றிலிருந்து அவரே கழுவினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் நாற்காலி போடுவார். எதிரே மலை. சீசன் நாளில் சாரல் தெறிக்கும், மேகம் மலையில் பாதியை மறைத்துவிடும். இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ரிட்டயர்ட் எஸ்.ஐ. மகாராஜா. இன்னொருவர் ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் சந்தோஷ்குமார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மருமகன் மூலமாகத்தான் பாட்டில்கள் வந்தன.

ஐஸ் கூடாது. சோடா கூடாது. ஊறுகாயை எடுத்தால் விஜயசங்கர் முகம் சுளிப்பார். பேனாவுக்கு மை போடும் ஃபில்லரால் தம்ளரில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, "மூக்கு குடிச்ச பொறவுதாம்லே வாய் குடிக்கணும்" என்பார். மூன்று பேரும் தம்ளருக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். "தேன்" என்பார் இவர். "ஆமா, தேன்" என்பார் மகாராஜா. "வெனிலா" என்பார் இவர். "நானே சொல்ல வந்தேன்" என்பார் சந்தோஷ்குமார்.

துணி எடுக்கப் போகிற ஜெயசித்ராவுக்குச் சிரிப்பாக வரும். வெனிலாவை இவர்கள் ஐஸ்கிரீம் தவிர வேறெங்கே கண்டார்கள்? குடித்துவிட்டு ரோட்டில் உருளுகிறவனிடமாவது ஒரு நேர்மை இருக்கிறது. இவர்கள் ஆளுக்கு இரண்டு சின்ன அளவு, அதற்கு இரண்டு மணி நேரம் மந்திரம். நல்ல பால்காரி மோந்து பார்த்துச் சொல்லாததையா இந்த மூன்று மூக்குகள் சொல்லிவிடப் போகின்றன என்று கொடியிலிருந்து சேலையை உருவிக்கொண்டு இறங்குவாள்.

கொரோனா இரண்டாவது அலையில் புருஷன் பெண்டாட்டி இருவரும் படுத்து எழுந்தார்கள். ஜெயசித்ரா பத்தாம் நாள் கடை திறந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போது தெருவிலேயே தீய்ந்த வாடை. அடுப்பில் பால் வற்றிச் சட்டி கறுத்து, புகை கூடம் வரை வந்திருந்தது. கூடத்தில் விஜயசங்கர் வாசலைப் பார்த்து உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். "எப்பமிருந்து?"

"எது?"

"மூக்கு."

பேப்பரை மடித்தார். "காய்ச்சல்லயே போச்சு. வந்துரும்னு பாத்தேன்."

"மூணு மாசமா சனிக்கெழம சனிக்கெழம தேனு, வெனிலான்னு சொல்லுதீயளே, அது எங்கேருந்து வந்துச்சு?"

"பாட்டில் அட்டைல போட்டிருப்பான்."

இதுவரை அவரை அவள் இளக்காரமாக நினைத்ததெல்லாம் போதாது என்று அன்றைக்குத் தோன்றியது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை, அவரே அடுக்களைக்கு வந்து நின்றார். கையில் தம்ளர்.

"சித்ரா, இத ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லேன். அவனுவ வாரதுக்கு முன்னால."

"எனக்கு வேற சோலி இல்லைன்னு நெனச்சீயளா?"

நகராமல் நின்றார். அந்த நிற்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெடுக்கென்று வாங்கி மோந்தாள். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடி மோந்தாள். பிறகு, சாக்கை மோந்து சொல்கிற அதே குரலில் சொன்னாள். "நனஞ்ச சணல் சாக்கு. பழைய மண்டவெல்லம், அடியில பூத்தது. பெறவு, பலா மரத்த அறுத்தா வருமே, அந்தத் தூள்."

விஜயசங்கர் வாயைத் திறந்தபடி நின்றார். இருபது வருஷம் அதிகாரிகள் சொல்லக் கேட்டதையே திருப்பிச் சொன்னவர் அவர். தன் மூக்கால் கண்டதைத் தன் வார்த்தையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று அவருக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் மாடியில் அதை அப்படியே ஒப்பித்தார்.

"சாக்கு! அதேதான் சார்!" என்றார் மகாராஜா.

இரண்டு வருஷம் இது ஓடியது. சனிக்கிழமை நாலரைக்கு அவள் அடுக்களையில் மோந்து சொல்வாள், ஐந்தரைக்கு அவர் மாடியில் சொல்வார், மற்ற இருவரும் ஆமாம் போடுவார்கள். ஒரு தடவை வேண்டுமென்றே, "செத்த பல்லி வாடை" என்றாள். அதையும் சொன்னார். அதற்கும் மகாராஜா ஆமாம் போட்டார், சந்தோஷ்குமார் தலையாட்டினார். படியில் நின்று கேட்டவள், வாய்விட்டுச் சிரித்தால் கேட்டுவிடுமே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஒரு ஜூன் மாதம் சந்தோஷ்குமார் சொல்லாமல் புதுப் பாட்டில் ஒன்றோடு நேரே மாடிக்கு ஏறிவிட்டார். தனக்கு அறுபது பிறந்ததற்காக மருமகன் அனுப்பியதாம். அவரே ஊற்றி, முதல் தம்ளரை விஜயசங்கர் கையில் கொடுத்தார். உளுந்தவடைத் தட்டோடு ஏறிக்கொண்டிருந்த ஜெயசித்ரா மேல்படியில் நின்றுவிட்டாள். பாட்டில் திறந்த வாடை படி வரைக்கும் வந்தது. ஒரே புகை நெடி.

விஜயசங்கர் கண்ணை மூடினார். "தேன்" என்றார். "நல்ல சுத்தமான தேன்."

யாரும் ஆமாம் போடவில்லை. மகாராஜா தன் தம்ளரை மோந்து, தயங்கி, "தேனா சார்? எனக்கே பொக அடிக்கே" என்றார். சந்தோஷ்குமார் விஜயசங்கரின் முகத்தையே பார்த்தார். பல நாள் சந்தேகம் ஊர்ஜிதமான பார்வை.

வீட்டுக்காரர் முகம் வெளிறியதை ஜெயசித்ரா பார்த்தாள். வேணும் என்று நினைத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை, உதவி கேட்கவில்லை, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். கூடவே அந்த லாட்ஜ்காரனின் பார்வையையும் பார்த்தாள். அதுதான் பொறுக்கவில்லை. தன் புருஷனைக் கேவலமாகப் பார்க்கிற உரிமை அவளுடையது. பல்லி வாடைக்குத் தலையாட்டினவனுக்கு அதில் என்ன பங்கு?

தட்டை வைத்துவிட்டு தம்ளரை வாங்கினாள். தண்ணீர் சொட்டுகள் விட்டு, சுற்றி, மோந்தாள்.

"பொக இருக்கு. டிங்சர் இருக்கு. உப்புத் தண்ணில ஊறுன தேங்காநாரு இருக்கு" என்றாள். தேன் இருப்பதாகப் பொய் சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் இன்னொரு தடவை மோந்தபோது புகைக்கு அடியில் மெல்ல வந்தது. மலையிலிருந்து கொண்டுவரும் தேன், மெழுகு பிரிக்காதது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "தேனும் இருக்கு. அடியில கெடக்கு. மேல உள்ளதோட நின்னுட்டா எங்கேருந்து தெரியும் அண்ணாச்சி?"

மகாராஜா அவசரமாக மறுபடி மோந்தார். "ஆமா மதினி, தேனு!"

"ஒங்களுக்குப் பல்லியும் தெரிஞ்சுதுல்லா" என்று சொல்லிவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கொரோனா, தீய்ந்த பால், நாலரை மணி அடுக்களை. நின்றபடியே சொன்னாள், யாரையும் விடவில்லை. சந்தோஷ்குமார் வடையைத் தொடாமல் எழுந்து போனார். பாட்டிலைக் கையோடு எடுத்துப்போனார். அதற்கப்புறம் வரவில்லை.

அன்றைக்கு விஜயசங்கர் கீழே வந்து, "காப்பாத்தப் பாத்து, கடைசில போட்டு ஒடைச்சிட்டியே" என்றார்.

"ரெண்டுக்கும் நீங்க தகுதிதான்."

தென்காசி டாக்டர் இனி வாசனை திரும்புவது சந்தேகம் என்று சொல்லிவிட்டார். சந்தோஷ்குமார் நின்றதோடு சிங்கப்பூர்ப் பாட்டிலும் நின்றது. மிலிட்டரி கேண்டீனில் எப்போதாவது கிடைக்கிற ஒன்றுதான். அவருக்கு அதில் நாக்கில் எரிவதும் நெஞ்சில் இறங்குகிற சூடும் மட்டும் மிச்சம். ஆனாலும் சனிக்கிழமை நாற்காலி போடுகிறார். மகாராஜா வருகிறார், இப்போது வாயைத் திறக்கப் பயந்து வடையை மட்டும் தின்கிறார். மூன்றாவது நாற்காலியில் ஜெயசித்ரா.

மோந்து சொன்னது போக, மூடியளவு அவளும் குடிக்கிறாள். யாரிடமும் அதை மறைக்கவில்லை. கடையில் ஒருத்தி ஜாடையாகக் கேட்டதற்கு, "ஆமா, குடிக்கேன். ஒன் கார்டக் குடு" என்றாள்.

போன வாரம் கேண்டீன் பாட்டிலைத் திறந்து மோந்ததும் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என்ன இருக்கு?" என்றார் விஜயசங்கர், ஆசையாக.

"ஒண்ணுமில்ல. வெறும் ஸ்பிரிட்டு, கருக்குன சீனி. அட்டைல என்ன போட்டிருக்கான்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "தேன், வெனிலா."

"போட்டிருப்பான்" என்றாள்.